அம்மாவின் வில்லன்

நான் ஆண்களைக் காதலிப்பவன் என்பதில் என் அம்மாவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நான் காதலிக்கிற ஆளைத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

இதைச் சொல்லிப் புலம்பினால் என் நண்பர்கள் என்னை அடிக்க வருகிறார்கள். அவர்கள் வீடுகளில் நடந்த கதை வேறு. ஒருத்தனை அவன் அப்பா தரதரவென்று டாக்டரிடம் இழுத்துப் போனார். இன்னொருத்தனுக்கு அவசர அவசரமாகப் பெண் பார்த்தார்கள். "உனக்கென்னடா குறை, உங்கம்மா தங்கம்" என்கிறார்கள். தங்கம்தான், யார் இல்லை என்றது? ஒரு நாள் முழுக்கத் தலையில் சுமந்து பார்த்தால் தெரியும் அதன் கனம்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொல்வதற்காகக் கண்ணாடி முன்னால் நின்று மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தேன். அன்றைக்கு ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அம்மா டிவியை நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தாள்.

"அது எனக்குத் தெரியாதாடா? யாரு, நம்ம கோச்சா?"

முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் வேலைக்குச் சேர்ந்தபோதுகூட அந்தப் பூரிப்பைப் பார்த்ததில்லை.

"இல்லம்மா. வேற ஒருத்தர்."

பூரிப்பு வடிந்துவிட்டது. "வேற ஒருத்தரா?" என்றாள், கேட்ட நிறத்தில் துணி இல்லை என்று கடைக்காரன் கைவிரித்துவிட்டதுபோல.

கோச் என்பவன் என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பவன். குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறான். ஆறடி உயரம், வாசலை அடைக்கும் தோள், சோப்பு விளம்பரத்துக்குப் பொருந்தும் முகம். வெள்ளந்தி. மூளை மட்டும் எந்நேரமும் தண்ணீருக்குள் இருக்கும். அவனுக்கு ஒரு காதலி இருக்கிறாள், அவளும் நீச்சல்காரிதான். இதை அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "கதை ஆரம்பத்துல எல்லாருக்கும் ஒரு கேர்ள்ஃப்ரெண்ட் இருப்பாடா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் எதிர்வீட்டு நர்ஸ் அக்காதான். இரண்டு பையன்கள் ஒருத்தரையொருத்தர் காதலிக்கிற தொடர் ஒன்றை அவர்தான் அம்மாவின் போனுக்கு அனுப்பினார். பி.எல்., அதாவது 'பாய்ஸ் லவ்' என்று பெயர். முதலில் ஒரு நாட்டிலிருந்து வந்தது, அப்புறம் பக்கத்து நாட்டுக்காரன் எடுத்தான், அப்புறம் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தேசங்களிலிருந்தெல்லாம் வர ஆரம்பித்தது. ஒன்றும் புரியாத மொழி. கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டே உலகம் முழுக்கப் பெண்கள் சமையல் மேடையில் சாய்ந்து நின்று, பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராத இரண்டு பையன்களுக்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார்கள். அதில் அம்மாவும் ஒருத்தி. அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். "இதெல்லாம் ஒரு கதையா" என்று தலையில் அடித்துக்கொண்டே அடுத்த எபிசோடுக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

நானும் சிலவற்றைப் பார்த்தேன். பார்க்க வைத்தாள். ஒரு பையன் நெட்டை, இன்னொருத்தன் அவனைவிடக் கொஞ்சம் குட்டை. கட்டாயம் ஒரு நாள் மழை வரும், ஒரே ஒரு குடைதான் இருக்கும். ஒருத்தனுக்குக் காய்ச்சல் வரும், மற்றவன் ஈரத்துணியால் துடைத்துவிடுவான். ஒருத்தன் தடுக்கி விழுந்தால் தரையில் விழமாட்டான், மற்றவன்மேல்தான் விழுவான். கடைசிக்கு முந்தின எபிசோடில் ஒரு காரணமும் இல்லாமல் பிரிவார்கள், கடைசியில் கடற்கரையில் சேர்ந்துவிடுவார்கள். அதில் ஒருத்தனுக்கும் தொப்பை கிடையாது, முகத்தில் ஒரு பரு கிடையாது, மாதக் கடைசி என்ற ஒன்றே கிடையாது. எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். என் சட்டையில் எப்போதும் கிரீஸ் இருக்கும்.

பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அம்மா எழுத ஆரம்பித்துவிட்டாள்.

ரசிகர்கள் தாங்களே கதை எழுதிப் போடுகிற தளம் ஒன்று இருக்கிறது. அங்கே அம்மா புனைபெயரில் வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு அத்தியாயம் போடுவாள். கதாநாயகன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவனோடு தங்கியிருப்பவன் நெட்டையான நீச்சல் கோச். இருவருக்கும் உள்ளூரக் காதல், ஆனால் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இதை எங்கெங்கோ இருக்கிறவர்கள் கம்ப்யூட்டரை வைத்து அவரவர் மொழிக்கு மாற்றிப் படித்தார்கள். படித்துவிட்டு அழும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். அம்மா வேலை செய்வது ஒரு பல் லேபில். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்து மெழுகில் பல் செதுக்கி பல் செட் செய்வாள். கையெல்லாம் பிளாஸ்டர் மாவோடு சுண்டுவிரலால் போனைத் தள்ளித் தள்ளிக் கமெண்ட் படிப்பாள். "எங்கேயோ பனி கொட்டற ஊருலேர்ந்து ஒருத்தி, ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கலன்னா சாப்பிட மாட்டேங்கறாடா" என்று பெருமையாகச் சொல்வாள்.

அந்தக் கதையில் ஒரு வில்லன் உண்டு. தராசு ஆய்வாளர். குட்டை, தொப்பை, நடுவில் வழுக்கை, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய முன்பல். கடைக்காரர்களிடம் லஞ்சம் வாங்குவான். மெக்கானிக்கை ஏமாற்றி மயக்குவான். அந்தப் பல்லை மட்டுமே அம்மா இரண்டு பத்திக்கு வர்ணித்திருந்தாள், தொழில் சுத்தத்தோடு.

அவர்தான் என்னவர். லஞ்சத்தைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

கடைகளில் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே தராசு. ஒரு வணிக வளாகத்தில் நான் லிஃப்ட் சர்வீஸ் செய்துகொண்டிருந்தபோது உள்ளே ஏறினார். இத்தனை பேர், இவ்வளவு கிலோ என்று சுவரில் எழுதியிருப்பதைப் படித்தார். "இதை யாராவது எடை வச்சுச் சோதிச்சுப் பார்த்தீங்களா, இல்ல சும்மா எழுதினதா?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சோதனை எப்படிச் செய்வோம் என்று மூன்று மாடி வரைக்கும் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு அக்கறையா வேலை பார்க்கறவங்களை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றார். அவ்வளவுதான். மழையும் இல்லை, குடையும் இல்லை.

அம்மா அவரிடம் மரியாதைக் குறைவாக ஒரு நாளும் நடந்ததில்லை. அதுதான் கொடுமை. கோச் வந்தால் "வாடா கண்ணு, இளைச்சுட்டியே" என்பாள். இவர் வந்தால் "வாங்க சார்". எத்தனை தடவை வந்தாலும் சார். அந்த ஒரு வார்த்தையை வைத்தே அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கத் தெரிந்தவள் என் அம்மா. கதை விஷயத்தை நான் அவரிடம் மூச்சு விடவில்லை. வில்லனைத் திட்டி உலகமே கமெண்ட் போடுவதை எந்த வாயால் சொல்வது?

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குத் தொலைதூர ஊரில் பதவி உயர்வோடு இடமாற்றம் வந்தது. விருப்பம் இருந்தால் போகலாம், இல்லையென்றால் மறுத்துவிடலாம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் சேர்ந்து வீடு பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த சமயம் அது.

"போயிடலாம்னு பார்க்கறேன்" என்றார்.

"என்னை விட்டுட்டா?"

"உங்க அம்மாவுக்கு என்னைப் பிடிக்கல. நாளைக்கு நீ அவங்களோட சண்டை போடுவே, பேசாம இருப்பே. என்னால ஒரு அம்மா போனது போதும். இன்னொண்ணு வேண்டாம்."

அவர் கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சமாதானமாகியிருப்போம். எடை போட்டுப் பார்த்து முடிவு சொல்பவரிடம் என்ன செய்வது? நேராக அம்மாவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அம்மா மெழுகைச் சுரண்டிக்கொண்டே, "நல்ல உத்தியோகம்தானே, போகட்டுமே" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடைசிக்கு முன்னாடி இப்படி ஒண்ணு வரத்தான் செய்யும்டா. அப்பதான் நல்ல முடிவு வரும்" என்றும் சேர்த்தாள்.

"இது உன் சீரியல் இல்லம்மா! என் பொழப்பு!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் அவள் போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோச்சுக்குப் போன் செய்து நூல் விட்டாள். லேபுக்குப் பிளாஸ்டர் மூட்டைகள் வந்து கீழே கிடக்கின்றன, மாடிக்கு ஏற்ற ஆள் இல்லை, நாளைக்கு மத்தியானம் நீயும் அவனும் வந்து தூக்கிக் கொடுங்கள் என்று. அம்மாவுக்கு முதுகுவலி உண்டு. கோபம் வேறு, மூட்டை வேறு என்று நினைத்துக் கிளம்பினேன். தராசும் கூட வந்தார். ஊரை விட்டுப் போவதற்குமுன் சொல்லிக்கொண்டு போவதுதான் முறை என்றார்.

அம்மா போட்ட திட்டம் என்னவென்று பிறகு வாட்ச்மேன் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். அவளுடைய கதைகளில் வருவதுபோல என்னையும் கோச்சையும் லிஃப்டில் சேர்த்து அடைப்பது. இருட்டில், நெருக்கத்தில், கண் திறந்து காதல் பிறக்கும். ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை லிஃப்டில் அடைத்துக் காதலிக்க வைக்கலாம் என்று உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. "கீழேயிருந்து ரெண்டு பேரா மூட்டையோட ஏறுவாங்க, பாதி வழியில லிஃப்ட் சுவிட்சை அணைச்சுடுங்க. மீட்டர் ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டு டீ குடிக்கப் போயிடுங்க. நிதானமா வாங்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். வேறு யாராவது ஏறிவிடப் போகிறார்களே என்று லிஃப்டுக்கு முன்னால் தானே காவலும் நின்றாள்.

நாங்கள் மூன்று பேராகப் போய் இறங்கியதைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கு இருக்கிறதே! ஆனாலும் சமாளித்துவிட்டாள். வில்லனை முதலில் அப்புறப்படுத்தினால் மிச்சம் இருப்பது நானும் கோச்சும்தானே? தராசு ஏற்கெனவே ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க வாங்க. லேப் எங்கன்னு நான் காட்டறேன். அவங்க ரெண்டு பேரும் அடுத்ததுல வரட்டும்" என்று அவரை லிஃப்டுக்குள் ஓட்டிக்கொண்டு போனாள். கதவு மூடியது.

வாட்ச்மேன் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். ரெண்டு பேர், மூட்டை. மீட்டர் ரூம் வாசலிலிருந்து எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. சுவிட்சை அணைத்தார், பூட்டினார், டீக்குப் போய்விட்டார்.

மோட்டார் சத்தம் நின்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது, நடுவில் நிற்கிறது என்று. மீட்டர் ரூம் பூட்டு. வாட்ச்மேனைக் காணோம். எங்கள் தொழிலில் முதல் காரியம் மாட்டிக்கொண்டவர்களிடம் பேச்சுக் கொடுப்பது. பயம்தான் ஆளைக் கொல்லும், லிஃப்ட் கொல்லாது. வாட்ச்மேன் மேசைமேல் ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது. உள்ளே அலாரம் பட்டனை அழுத்திப் பிடித்தால் உள்ளே பேசுவது இதில் கேட்கும். பேட்டரியில் ஓடுவது. நான் கை வைப்பதற்குள் அதுவே கரகரவென்று உயிர் பெற்றது. பிறகுதான் தெரிந்தது, தராசு மூட்டையைக் கைப்பிடிக் கம்பிமேல் ஏற்றிச் சாய்த்திருக்கிறார், அது போய்ப் பட்டன்மேல் உட்கார்ந்துவிட்டது.

"பயப்படாதீங்கம்மா. மேல காத்துப் போக வழி இருக்கு" என்றது அவர் குரல்.

"எனக்கென்ன சார் பயம்? என் பையன் லிஃப்ட் மெக்கானிக்."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பதில் பேச என் பக்கத்துப் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"இந்த லிஃப்ட் சீன் ஏற்கெனவே உங்க கதையில வந்தாச்சேம்மா" என்றார் அவர். "கோச் குளிர்ல நடுங்குவாரு. மெக்கானிக் சட்டையைக் கழட்டிப் போத்திவிடுவாரு."

என் கை அந்தரத்தில் நின்றது.

"எந்தக் கோச்?" என்றான் பக்கத்தில் இருந்த கோச்.

"வாயை மூடு."

பெட்டியில் அம்மாவின் குரல் இறங்கி வந்தது. "நீங்க... படிச்சிருக்கீங்களா சார்?"

"எதிர்வீட்டு நர்ஸ் அக்காதான் லிங்க் அனுப்பினாங்க. ஆரம்பத்துலேர்ந்து, ஒண்ணு விடாம. வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது பஸ்ல உட்கார்ந்து படிப்பேன்."

"அப்ப அந்தப் பல்லு..."

"அதையும் படிச்சேம்மா."

எனக்கு அப்படியே மேசைக்கு அடியில் புகுந்துவிடலாம்போல இருந்தது. நான் பொத்திப் பொத்தி வைத்ததை அவர் வாராவாரம் பஸ்ஸில் உட்கார்ந்து படித்திருக்கிறார். படித்துவிட்டு அடுத்த நாள் வந்து எங்கள் வீட்டில் "நல்லா இருக்கீங்களாம்மா" என்று கேட்டிருக்கிறார்.

"கோவமா சார்?"

"கோவம்னு இல்ல. ஒரு விஷயம் மட்டும் உறுத்தல். நான் லஞ்சம் வாங்கறதா எழுதியிருக்கீங்க. அதை நான் செய்யவே மாட்டேன்."

"வில்லன்னா ஏதாவது ஒண்ணு செய்யணுமே சார்."

"அது சரிதான்" என்று ஒப்புக்கொண்டார் என் அப்பாவி. "அப்புறம், தப்பா நினைச்சுக்காதீங்க, அந்த ரெண்டு பேருக்கும் பேச விஷயமே இல்லம்மா. மழை வந்தா கட்டிக்கறாங்க, மழை விட்டா ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டே நிக்கறாங்க. நான் வர்ற எடத்துலதான் கொஞ்சம் கதை நகருது."

அம்மா சிரித்தாள். அடக்கப் பார்த்து மூக்கு வழியாக வந்த சிரிப்பு. "அதையே ஒரு கமெண்டா போட்டிருக்கலாம்ல?"

"வில்லனே வந்து கமெண்ட் போட்டா நல்லாவா இருக்கும்?"

கோச் என் காதோரம் குனிந்தான். "டேய், அந்த நெட்டைக் கோச் நானா? எனக்கு எவ்வளவு பேர் ரசிகர்கள்?" நான் அவன் காலை மிதித்தேன்.

"ஏன் சார் படிச்சீங்க?" அம்மாவின் குரல் மாறியிருந்தது. "வாராவாரம் திட்டித்தானே எழுதினேன்? பாதியில விட்டிருக்கலாமே."

அவர் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

"எங்கம்மா இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க. நான் இப்படின்னு சொன்ன அன்னிக்கு எழுந்து உள்ள போனவங்க, அப்புறம் என் பேரை எடுத்ததே இல்ல. செவுத்துல இருந்த போட்டோவையெல்லாம் கழட்டிட்டாங்கன்னு தங்கச்சி சொன்னா. நீங்க என்னைத் திட்டறதுக்காவது வாராவாரம் உட்கார்ந்து யோசிக்கறீங்க. என் பல்லு எந்தப் பக்கம் ஏறியிருக்குன்னு கேட்டா எங்கம்மாவுக்கு இப்ப ஞாபகம் இருக்குமான்னு தெரியல. நீங்க சரியா எழுதியிருந்தீங்க. இடது பக்கம்."

இந்த மனிதரோடு எத்தனை நாள் பழகியிருக்கிறேன், இதை ஒரு நாளாவது என்னிடம் சொன்னாரா? "என்னால அம்மா போச்சு" என்று ஒரு வரியில் சொல்லுவார், நானும் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். கோச் வெட்கமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

பெட்டி வெறுமனே இரைந்தது. மூட்டை நகர்ந்து பட்டனை விட்டுவிட்டதோ என்று நான் பயந்தேன்.

"எனக்கு உன்மேல வெறுப்பெல்லாம் இல்லப்பா" என்றாள் அம்மா.

சார் போய்விட்டது. நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"பயம்ப்பா. வேற ஒண்ணும் இல்ல. அந்தத் தொடருங்கள்ல பார்த்தியா, கடைசியில ஊரே கைதட்டும். ஏன் தட்டுது? ரெண்டும் அவ்வளவு அழகு. என் பையன் இப்படின்னு எனக்கு மெல்ல மெல்லப் புரிய ஆரம்பிச்சப்ப, அதைப் பார்த்துத்தான் மனசைத் தேத்திக்குவேன். அழகா இருந்தா விட்டுடுவாங்கடா சாமின்னு. என் புள்ள சுமார்தான். எனக்குத் தெரியாதா, பெத்தவ நான். கூட நிக்கறவனாவது அந்த மாதிரி இருந்தா, நாலு பேர் பார்த்துட்டு 'அடடா, என்ன ஜோடி'ன்னு போயிடுவாங்க. கல்லெடுக்க மாட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து தெருவுல நடந்தா யாருப்பா கைதட்டுவாங்க?"

"யாரும் தட்ட வேண்டாம்மா. வழி விட்டா போதும்."

அம்மா அழும் சத்தம் கேட்டது. பனி கொட்டும் ஊர்க்காரிகளையெல்லாம் வாராவாரம் அழவைக்கிறவள், லிஃப்டில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். சுமார் என்று சொன்னதற்காக அவளோடு சண்டை போட வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், இத்தனை நாள் அவள் தேடிக்கொண்டிருந்தது எனக்கு ஒரு மாப்பிள்ளையை இல்லை, ஒரு கவசத்தை என்று புரிந்தது. அவள் டிவி முன்னால் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் அதைப் பைத்தியம் என்று நினைத்துக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

"திங்கக்கிழமை என்ன சொல்லப் போறே?" என்றாள் அம்மா.

"போறேன்னுதான் சொல்லணும்."

"ஏன்?"

"நான் இங்க இருந்தா அவன் உங்களை விட்டுடுவான். ஒரு அம்மா பையனை விட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். பையன் அம்மாவை விட்டாலும் அப்படித்தான் இருக்கும். அதை உங்களுக்குக் கொடுத்துட்டு நான் இங்க நிம்மதியா இருக்க முடியாது."

"நீ ஒரு எடத்துக்கும் போகக்கூடாது."

"கதைக்காகவாம்மா?" அவர் சிரிக்க முயன்றது எனக்குக் கேட்டது.

"ஆமா. வில்லன் போயிட்டா அந்த ரெண்டு தடியனும் மழையில நனைஞ்சுக்கிட்டேல்ல கெடப்பானுங்க." அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கதைக்காக இல்லடா. எனக்காக. போகாதடா."

அம்மா எல்லாரையும் டா போட மாட்டாள். என்னைச் சொல்வாள், அப்பாவின் தம்பியைச் சொல்வாள், அழகாக இருக்கிறானே என்று கோச்சைச் சொல்வாள். அந்த லிஃப்ட் கூண்டுக்குள் தராசு என்ன முகத்தோடு இருந்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் "சரிம்மா" என்றார். அந்தச் சரி பாதி உடைந்து வந்தது.

அதற்குமேல் கேட்க எனக்குத் தெம்பில்லை. வண்டியிலிருந்து என் கருவிப் பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். கோச் பின்னாலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான். மூன்றாவது மாடிக் கதவை முக்கோணச் சாவி போட்டுத் திறந்து, உள்கதவைக் கையால் தள்ளினேன். கூண்டு பாதி கீழே நின்றிருந்தது. இருவரும் தரையில் எதிரெதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூட்டை எங்கேயோ கிழிந்து இருவர் மேலும் பிளாஸ்டர் மாவு அப்பியிருந்தது. வெளிச்சம் பட்டதும் அவர் சட்டென்று எழுந்து வேட்டியைத் தட்டுவதுபோலப் பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். என்னைப் பார்த்ததும் அந்த ஏறிய பல் தெரிய ஒரு சிரிப்பு. அதைவிட அழகான ஒன்றை எந்த நாட்டுத் தொடரிலும் நான் பார்த்ததில்லை, யார் வேண்டுமானாலும் சண்டைக்கு வரட்டும்.

அம்மா அண்ணாந்து என்னை முறைத்தாள்.

"அதுக்குள்ள என்னடா அவசரம்? பேசிக்கிட்டிருக்கோம்ல? மூடு கதவை."

"அம்மா, மேல மோட்டார் ரூமுக்குப் போய் பிரேக்கைத் தளர்த்தினா கூண்டு நகர்ந்து மாடிக்கு நேரா வந்துடும், ரெண்டே நிமிஷம்..."

"மூடுடான்னா."

லிஃப்ட் வேலைக்கு வந்த நாளிலிருந்து கதவைத் திறந்து ஆட்களை வெளியே எடுத்திருக்கிறேன். உள்ளே ஆள் இருக்கும்போது நானே மூடியது அன்றைக்குத்தான். மூடிவிட்டு அதிலேயே நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

"பாவம்மா, வெளிய நிக்கறான்" என்றார் அவர்.

"நிக்கட்டும்" என்றாள் அம்மா. "நீ உட்காரு."